சாக்பீஸ் கோடும் கார் கதவும்



காரின் கதவைப் பிரித்துப் போட்டுக்கொண்டு நான் வாசலில் உட்கார்ந்திருக்கும் படத்தை என் மருமகள் போட்டாலும் போட்டாள், ஆளாளுக்கு விசாரிக்கிறீர்கள். "சார், ரிட்டயர்மென்டுக்கு அப்புறம் மெக்கானிக் ஆயிட்டீங்களா?" என்று ஒருவர். "மாமா, வண்டி எங்கயாவது இடிச்சுதா?" என்று பெங்களூரிலிருந்து ஒரு போன்.

எங்கும் இடிக்கவில்லை. கதவு வழியாகத் தண்ணீர் உள்ளே வந்தது, அதைச் சரி செய்தேன். இப்படி இரண்டு வரியில் முடித்துவிடலாம். ஆனால் அந்தத் தண்ணீரை வைத்து நான் ஒரு தப்பு செய்தேன். அதைச் சொல்லாமல் கதவைப் பற்றி மட்டும் சொல்ல மனம் வரவில்லை. பதிவு கொஞ்சம் நீளம். சாப்பிட்டுவிட்டு வந்து நிதானமாகப் படியுங்கள்.

என் மனைவிக்கு இளைப்பு இருப்பது உறவினர்களுக்குத் தெரியும். மாதம் ஒரு முறை புதுச்சேரிக்கு மருத்துவரிடம் போக வேண்டும். திண்டிவனம் புதுச்சேரி சாலையில் பஸ்ஸுக்குக் குறைவில்லை. ஆனால் கூட்டத்தில் நின்றுகொண்டு போக அவளால் முடியாது. அதற்காகத்தான் பணி ஓய்வு பெற்ற பிறகு, வந்த பணத்தில் ஒரு பழைய சின்ன காரை வாங்கினேன். ஓட்டக் கற்றுக்கொண்டதும் அதற்குப் பிறகுதான்.

எதிர்வீட்டுப் பையன் ஒருவன் ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து காரைக் கழுவித் தருவான். அப்போது ஒன்பதாம் வகுப்பு. நான் கூப்பிடவில்லை, அவனே வந்து கேட்டான். ஷூ வாங்கக் காசு சேர்த்துக்கொண்டிருந்தான். ஒரு தடவைக்கு ஐம்பது ரூபாய் கொடுப்பேன். வாளியில் தண்ணீர் எடுத்து, சோப்பு போட்டு, கடைசியில் எங்கள் வீட்டு ஹோஸைப் பிடித்துக் கண்ணாடியெல்லாம் பளபளவென்று அலசிவிடுவான்.

2024 நவம்பர் 30, சனிக்கிழமை. அந்த ராத்திரியை நம் பக்கத்து மனிதர்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்து, கடந்த பிறகும் நகராமல் அங்கேயே நின்றுகொண்டு கொட்டித் தீர்த்தது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. மழைமானியில் முழங்கால் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓமந்தூரிலும் அன்று இரவு யாரும் தூங்கவில்லை. எங்கள் வீட்டு வாசல் மேடு என்பதால் வெள்ளம் ஏறவில்லை. ஆனால் அப்போது ஷெட் கிடையாது. கார் திறந்தவெளியில் விடிய விடிய நனைந்துகொண்டு நின்றது.

இரண்டு நாள் கழித்துக் கதவைத் திறந்தால், முன்பக்கம் இடதுபுறம், அதாவது என் மனைவி உட்காரும் பக்கம், கால் வைக்கும் இடத்தில் தண்ணீர் நின்றது. "அந்த மழைக்கு நனையாதது எது?" என்று சொல்லி மேட்டை எடுத்து வெயிலில் போட்டேன். அத்துடன் அதை மறந்தேன். இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இங்கே திரும்பி வர வேண்டும்.

மார்கழி, தை என்று மழை நின்றது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வண்டி கழுவினால் திங்கட்கிழமை அதே இடத்தில் ஈரம். மேட்டைத் தூக்கினால் அடியில் கார்பெட் சதசதவென்று இருந்தது. வாரா வாரம் நனைந்ததில் உள்ளே பூஞ்சை வாடை பிடித்துக்கொண்டது. மூடி வைத்த பழைய பீரோவைத் திறந்தால் வருமே, அந்த வாடை. நமக்கு அது வாடை. இளைப்புக்காரர்களுக்கு அது மூச்சு. கிளியனூர் தாண்டுவதற்குள் அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வாள். ஒரு நாள் டாக்டர் வீட்டு வாசலில் இறங்கியதும், "நான் பஸ்ஸுலயே வந்துடறேங்க" என்றாள். அவளுக்காக வாங்கிய வண்டி அது.

எனக்குக் கோபம் வந்தது. கோபத்துக்கு ஓர் ஆள் வேண்டுமல்லவா? பையன் கழுவுகிறான், மறுநாள் ஈரம். கண்ணாடியைச் சரியாக ஏற்றாமல் தண்ணீர் அடிக்கிறான் என்று முடிவு கட்டினேன். பொங்கல் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை அவன் வாளியோடு வந்தபோது, தெருவில் வைத்தே பிடித்துக்கொண்டேன்.

"கண்ணாடியை இறக்கி வச்சிட்டுத் தண்ணி அடிக்கிறியாடா?"

"இல்ல சார். ஏத்திட்டுத்தான் அடிச்சேன்."

"அப்போ தண்ணி என்ன ஆகாசத்துல இருந்தா வந்தது? பொய் வேற சொல்றே."

அவன் அம்மா வாசலில் கோலப்பொடி டப்பாவோடு நின்றுகொண்டிருந்தார். பால்காரர் இருந்தார். பக்கத்து வீட்டு அண்ணி இருந்தார். பையன் எதுவும் பேசவில்லை. துணியைப் பிழிந்து, மடித்து, வாளி விளிம்பில் போட்டுவிட்டுப் போனான். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

இதில் வேடிக்கை, அவன் நின்ற பிறகு ஈரமும் நின்றது. "பார்த்தியா, நான் சொன்னது சரியாப் போச்சு" என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். உண்மையில், அவன் நின்ற பிறகு காரைக் கழுவுவதே நின்றுபோயிருந்தது. எனக்கு முதுகுவலி, ஈரத் துணியால் மேலாகத் துடைப்பதோடு சரி. தகர ஷெட்டும் போட்டுவிட்டேன். தண்ணீரே படாத வண்டியில் ஈரம் எங்கிருந்து வரும்? ஏழாம் வகுப்புப் பிள்ளை கேட்கும் கேள்வி இது. முப்பத்து நான்கு வருடம் அறிவியல் பாடம் எடுத்தவனுக்குத் தோன்றவில்லை.

ஆவணி மாதம் புதுச்சேரி போயிருந்தோம். நாங்கள் டாக்டருக்காகக் காத்திருந்தபோது வெளியே ஒரு மணி நேரம் நல்ல மழை. திரும்பி வந்து கதவைத் திறந்து அவள் கால் வைத்தாள். சளக் என்று சத்தம். திண்டிவனம் சாலைக்கு வரும்வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"இன்னிக்கு யாருங்க கண்ணாடிய தொறந்து வச்சது?"

என்னிடம் பதில் இல்லை.

அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. மறுநாள் காலையில் குனிந்து பார்த்தேன். இடது கதவின் அடி விளிம்பில் நீளவாக்கில் மூன்று சின்ன ஓட்டைகள். அவற்றிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. "ஆகா, இதுதான் லீக்!" என்று திண்டிவனம் போய் ஹார்டுவேர் கடையில் ஒரு சிலிக்கான் சீலன்ட் டியூப் வாங்கி வந்து, மூன்று ஓட்டையையும் நன்றாக அடைத்துவிட்டேன். அடுத்த மழையில் முன்னைவிட இரண்டு மடங்கு தண்ணீர் உள்ளே. கதவைச் சாத்தினால் பாதி நிரம்பிய குடத்தை ஆட்டியது போலச் சத்தம்.

அதற்குப் பிறகுதான் வெட்கத்தை விட்டு, சாலையோரம் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஒரு மாணவரிடம் போனேன். (பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.) அவர் குனிந்து பார்த்தார். "சார், இந்த ஓட்டைய யாரு அடச்சது?" என்றார். "நான்தான்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. சின்ன ஸ்க்ரூ டிரைவரை விட்டுச் சிலிக்கானை நெம்பி எடுத்தார். ஒரு சொம்புக்கு மேல் தண்ணீர் கொட்டியது. துருவின் செம்பழுப்பு கலந்த தண்ணீர்.

அவர் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் பயன்படும்.

கார் கதவு ஒரே தகடு அல்ல. வெளித்தகடு ஒன்று, உள்தகடு ஒன்று, நடுவே வெற்றிடம். கண்ணாடி இறங்குவதும் பூட்டு இருப்பதும் அந்த வெற்றிடத்தில்தான். கண்ணாடி மேலும் கீழும் போய்வர வேண்டும் என்பதால் அதன் அடியில், வெளிப்பக்கம், ஒரு ரப்பர் பட்டை வழித்துக்கொண்டிருக்குமே தவிர அந்த இடம் முழுதாக அடைபடாது. ஆகவே ஒவ்வொரு மழையிலும் கதவின் வயிற்றுக்குள் தண்ணீர் போகத்தான் செய்யும். புது வண்டியிலும் போகும். போன தண்ணீர் வெளியேறுவதற்குத்தான் அடியில் அந்த ஓட்டைகள். அவை கதவைச் சுற்றியுள்ள பீடிங் ரப்பருக்கு வெளிப்புறம் இருப்பதால், சொட்டும் தண்ணீர் தரையில்தான் விழும். அங்கே சொட்டினால் கதவு தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். நான் அதன் வாயைக் கட்டிவிட்டேன்.

உள்தகட்டில், பூட்டையும் கண்ணாடி ஏற்றும் மோட்டாரையும் பழுது பார்க்கக் கை நுழையும் அளவுக்குப் பெரிய பெரிய திறப்புகள் இருக்கும். அவற்றை மூடி ஒரு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியிருப்பார்கள். ஒட்டுவது சூயிங்கம் மாதிரிக் கறுப்பாக, எத்தனை வருடம் ஆனாலும் இறுகிப்போகாத பியூட்டைல் பசையால். அந்த ஷீட்டின் மேல்தான் நாம் கண்ணால் பார்க்கும் டோர் பேட் வருகிறது. ஷீட் கிழிந்தாலோ, பசை விட்டுப்போனாலோ, கதவின் வயிற்றில் வழியும் தண்ணீர் டோர் பேடுக்குப் பின்னால் இறங்கி, வாசற்படியின் உள்பக்கமாகக் கார்பெட்டில் சேரும். வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

"ஆனா சார், எடுத்தவுடனே ஷீட்டுன்னு முடிவு பண்ண வேண்டாம். வேற வழியாவும் வரலாம். ரெண்டு நாள் பொறுமையா பாருங்க, நீங்களே கண்டுபிடிச்சிடுவீங்க" என்று சொல்லி, செய்ய வேண்டிய முறைகளைச் சொல்லி அனுப்பினார். கேட்டுக்கொண்டே வந்தேன். உற்றுநோக்கல், கருதுகோள், சோதனை, முடிவு. ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் மாதிரிப் பாடம் எடுத்தபோது கரும்பலகையில் நான் எழுதிய அதே நான்கு சொற்கள். பையன் விஷயத்தில் நான் முதல் சொல்லிலிருந்து நேராகக் கடைசிச் சொல்லுக்குத் தாவியிருந்தேன்.

முதல் சோதனைக்குச் சாக்பீஸ் தேவைப்பட்டது. நான் அலமாரியில் அரை டப்பா வைத்திருக்கிறேன், ஏன் என்று கேட்காதீர்கள். கதவைச் சுற்றியுள்ள பீடிங் ரப்பர் முழுவதும் சாக்பீஸைத் தேய்த்து, கதவை ஒரு முறை இறுகச் சாத்தித் திறக்க வேண்டும். ரப்பர் அழுந்தும் இடமெல்லாம் எதிர்ப்பக்கம் வெள்ளைக் கோடு விழும். கோடு விட்டுப்போன இடத்தில் ரப்பர் அழுந்தவில்லை. எனக்குக் கோடு தொடர்ச்சியாக விழுந்தது.

இரண்டாவது, காகிதத் துண்டு. ஒரு துண்டைக் கதவுக்கும் ரப்பருக்கும் இடையில் வைத்துச் சாத்தி, வெளியே இழுத்துப் பார்க்க வேண்டும். பிடித்து இழுத்தால் ரப்பர் நன்றாக இருக்கிறது. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் பிடிப்பு இல்லை. பழைய வினாத்தாளைக் கிழித்துச் சுற்றிலும் பதினைந்து இடத்தில் பார்த்தேன். எல்லா இடத்திலும் பிடித்தது. ஆக, பீடிங் குற்றவாளி இல்லை.

மூன்றாவது, ஏசி. ஏசி ஓடும்போது உள்ளே சேரும் தண்ணீர் வெளியேற ஒரு குழாய் உண்டு. அது அடைத்துக்கொண்டால் இடதுபுறக் காலடியில் தண்ணீர் சேரும். மழையே இல்லாத சித்திரை வெயிலில் நனைந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். என் வண்டி தண்ணீர் பட்டால் மட்டுமே நனைந்தது. ஆகவே அதுவும் இல்லை. முன் கண்ணாடிக்கு அடியில், வைப்பருக்குக் கீழே உள்ள பள்ளத்தில் வேப்பிலைச் சருகு சேர்ந்து, தண்ணீர் போக வழியில்லாமல் உள்ளே வழிவதும் உண்டு. மரத்தடியில் வண்டி நிறுத்துகிறவர்கள் கவனியுங்கள். ஒரு கைப்பிடி சருகை வாரிப் போட்டேன், ஆனால் அங்கே தண்ணீர் தேங்கவில்லை.

கடைசியாக ஹோஸ். இங்கே பொறுமை தேவை. மேலே இருந்து அடித்தால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து ஒன்றும் தெரியாது. அடியிலிருந்து தொடங்கி, மெதுவாக வழிய விட்டு, ஓரிடத்தில் ஐந்து நிமிடம். பிறகு ஒரு சாண் மேலே. அங்கே ஐந்து நிமிடம். உள்ளே தரையில் செய்தித்தாள் விரித்து, ஒருவர் டார்ச்சோடு உட்கார்ந்து, எந்த இடம் முதலில் நனைகிறது என்று பார்க்க வேண்டும்.

உள்ளே உட்கார யார் இருக்கிறார்கள்? "அந்தப் பையனைக் கூப்பிடுங்களேன்" என்றாள் மனைவி. எந்த முகத்தோடு கூப்பிடுவது? நான் பேசாமல் நின்றேன். அவள் ஒரு கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு தானே போய் உட்கார்ந்தாள்.

கதவின் அடிப்பக்கம், ஒன்றும் இல்லை. நடுப்பக்கம், ஒன்றும் இல்லை. கண்ணாடியில் தண்ணீர் வழிய விட்டு மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது.

"ஏங்க, வருதுங்க! இந்த ஸ்பீக்கருக்குக் கீழ இருந்து வருது!"

ஸ்பீக்கர். அந்தச் சொல்லைக் கேட்டதும் கை கால் ஓய்ந்துபோனது.

வண்டி வாங்கிய புதிதில், பழைய பாட்டு கேட்க ஆசைப்பட்டு முன் கதவுகளில் ஸ்பீக்கர் வைத்தேன். டோர் பேடைக் கழற்றிய பையன், "சார், ஸ்பீக்கர் உக்கார ஷீட்ட வெட்டணும். புது ஷீட் போட்டு ஒட்டுனா நல்லது, கொஞ்சம் சேத்து ஆகும்" என்றான். அதற்கு நான் சொன்ன பதில் எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது. "உள்ளே இருக்கிறதை யாருப்பா பார்க்கப் போறாங்க? டேப் ஒட்டி மூடு." அட்டைப்பெட்டிக்கு ஒட்டும் பழுப்பு டேப்பை ஒட்டி மூடினான். நான்கைந்து வெயில் காலத்தில் அந்த டேப் காய்ந்து, சுருண்டு, விட்டுப்போயிருந்தது.

எதிர்வீட்டுப் பையன் செய்த குற்றம், கண்ணாடியை மிச்சம் வைக்காமல் நன்றாகக் கழுவியது.

இப்போது அந்தப் புயல் நாளுக்குத் திரும்பி வாருங்கள். அன்று அவன் காரைத் தொடவில்லை. வீட்டைவிட்டே வெளியே வரவில்லை. அன்றைக்கும் அதே இடத்தில்தான் தண்ணீர் நின்றது. அவன் குற்றமற்றவன் என்பதற்கான சாட்சி, அவனைத் திட்டுவதற்கு ஒன்றரை மாதம் முன்பே என் கண் முன்னால் கிடந்தது. அதைத்தான் வெயிலில் காயப் போட்டுவிட்டு மறந்தேன்.

என் அப்பா பள்ளிக்கூடம் போகாதவர். எங்கள் கூரைவீடு ஒழுகினால், சொட்டும் இடத்துக்கு நேர் மேலே கீற்று செருக மாட்டார். ஏறி, இன்னும் மேலே, முகட்டுப் பக்கம் போய்த் தேடுவார். "ஒழுகுற எடம் வேற, ஓட்ட இருக்குற எடம் வேற. தண்ணி மூங்கில் மேல நடந்து வரும்" என்பார். அந்த வீட்டில் வளர்ந்தவன் நான்.

கதவைச் சரி செய்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். டோர் பேடைப் பிடித்திருக்கும் திருகுகள் கைப்பிடிக்குப் பின்னாலும் கை வைக்கும் இடத்திலும் மூடி போட்டு ஒளிந்திருக்கும். அவற்றை எடுத்துவிட்டுச் சுற்றிலும் உள்ள கிளிப்புகளை ஒவ்வொன்றாக நெம்ப வேண்டும். அவசரப்பட்டால் உடையும், எனக்கு இரண்டு உடைந்தன. உள்ளே போகும் ஒயர்களின் பிளக்கைக் கழற்றிவிட்டுப் பேடைத் தனியே எடுத்து வையுங்கள்.

பழைய ஷீட்டையே அளவாக வைத்து, கனமான பாலித்தீன் ஷீட்டை வெட்டிக்கொண்டேன். தகட்டில் ஒட்டியிருந்த பழைய பசையை, உருட்டிய பசையாலேயே ஒற்றி ஒற்றி எடுத்து, ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துக் காயவிட்டேன். ஈரமோ தூசியோ இருந்தால் எந்தப் பசையும் பிடிக்காது. பிறகு பியூட்டைல் டேப்பைச் சுற்றிலும் இடைவெளி விடாமல் ஒட்டி, அதன்மேல் ஷீட்டை வைத்து விரலால் அழுத்தினேன். ஸ்பீக்கருக்குப் பின்னால் சின்னக் குடை மாதிரி ஒரு ஷீட்டைத் தனியாக வைத்தேன். முக்கியமான விஷயம், ஷீட்டின் அடி விளிம்பு உள்தகட்டில் உள்ள பிளவுக்குள் செருகியிருக்க வேண்டும். அப்போதுதான் ஷீட்டில் வழியும் தண்ணீர் மறுபடி கதவின் வயிற்றுக்குள்ளேயே விழுந்து, அடி ஓட்டை வழியாக வெளியேறும். பேடை மாட்டுவதற்கு முன்பே ஹோஸ் அடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வேலைக்குச் சிலிக்கான் டியூப் வேண்டாம். வினிகர் மாதிரிப் புளித்த நெடி வருகிற சிலிக்கான் காயும்போது அமிலத்தை விடும், அது தகட்டை அரிக்கும். இன்னொரு நாள் கதவைப் பிரிக்க வேண்டி வந்தால் ஷீட்டும் கிழியும். பீடிங் ரப்பர் தளர்ந்திருந்தாலும் அதன்மேல் சீலன்டைப் பூசாதீர்கள். கழன்றிருந்தால் விளிம்பில் சரியாகப் பொருத்தித் தட்டிவிடுங்கள். வெடித்திருந்தால் புதிது போடுங்கள். தகடும் தகடும் சேரும் மூட்டில் விரிசல் இருந்தால் அதற்கென்றே ஒட்டு மருந்து இருக்கிறது, டிங்கரிங் கடையில் கேட்டால் தெரியும்.

கார்பெட்டை மேலாகக் காயவைத்துப் பயனில்லை. அடியில் கனமான பஞ்சு இருக்கும், தண்ணீர் அதில்தான் ஊறி நிற்கும். சீட்டைக் கழற்றி, கார்பெட்டைத் தூக்கி, மூன்று நாள் வெயிலில் போட்டேன். எனக்கு ஷீட்டுக்கும் டேப்புக்கும் ஐந்நூறு ரூபாய்கூட ஆகவில்லை. வாடை போய்விட்டது. அடுத்த தடவை புதுச்சேரி போனபோது கிளியனூர் தாண்டியும் முந்தானை தோளிலேயே இருந்தது.

கதவு முடிந்தது. பையன் பாக்கி இருந்தான்.

அன்று சாயங்காலம் சட்டையை மாட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்குக் கிளம்பினேன். மனைவி வாசலில் மறித்தாள். "எங்க போறீங்க?" சொன்னேன். "தெருவுல நிக்க வச்சுத் திட்டினீங்க. வீட்டுக்குள்ள போய் ரகசியமா மன்னிப்புக் கேட்டா அது என்ன கணக்கு?" என்றாள்.

மறுநாள் காலையில், கோலம் போடும் நேரத்தில், பால்காரர் வந்திருக்கும்போது, தெருவில் நின்று அவனைக் கூப்பிட்டேன். வந்தான். ஒரு வருடத்துக்குள் என் தோளுக்கு வளர்ந்துவிட்டிருந்தான். "தம்பி, அன்னைக்கு நீ சொன்னதுதான் உண்மை. நான் சொன்னது பொய். தப்பு என்னோட கதவுல, என்னாலதான். உன்னை எல்லார் எதிரிலேயும் பொய்யன்னு சொன்னேன், மன்னிச்சுடு" என்றேன். சொல்லும்போது நாக்கு குழறியது. அவன் தரையைப் பார்த்துக்கொண்டே "பரவால்ல சார்" என்றான். அவன் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இன்னொரு பக்கக் கதவையும் அன்று பிரித்திருந்தேன், அதிலும் ஸ்பீக்கர்தானே. அவனுக்கு உள்ளே காட்டினேன். அடி ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தான். "அப்போ மழை பெஞ்சா எல்லாக் காருக்குள்ளயும் தண்ணி போவுமா சார்?" என்று கேட்டான். "போகும், வெளியே வர வழியும் இருக்கும்" என்றேன். கொஞ்ச நேரம் டேப் பிடித்துக் கொடுத்தான். பிறகு டியூஷனுக்கு நேரமாகிறது என்று போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை கார் கழுவ அவன் திரும்ப வரவில்லை. பத்தாம் வகுப்பு, படிக்கட்டும். நானும் கூப்பிடவில்லை.

இதையெல்லாம் உங்களிடம் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. பிரித்த கதவின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது நினைவுக்கு வந்தது, கதவு அல்ல, ஒரு ஜியாமெட்ரி பாக்ஸ்.

முப்பது வருடத்துக்கு முந்தைய வகுப்பு. ஒரு மாணவனின் ஜியாமெட்ரி பாக்ஸ் காணாமல் போனது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்னொரு மாணவனிடம் அன்றுவரை பாக்ஸ் கிடையாது. எனக்கு அந்தக் காரணம் போதுமானதாக இருந்தது. அவன் இல்லை என்றான். நான் நம்பவில்லை. ஒரு பாடவேளை முழுவதும் வகுப்புக்கு வெளியே முட்டி போட வைத்தேன். மறுநாள் காலை அந்த பாக்ஸ் சொந்தக்காரன் வீட்டிலேயே கிடைத்துவிட்டது. அவன் என் மேசைக்கு வந்து காதோடு சொன்னான். "சரி, போய் உட்காரு" என்றேன். அவ்வளவுதான். முட்டி போட்டவனிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. வகுப்பிலும் சொல்லவில்லை. ஆசிரியர் தப்பு செய்தார் என்று தெரிந்தால் மரியாதை போய்விடும் என்று அப்போது நினைத்தேன். நேர்மைக்குப் பெயர் பெற்ற ஓமந்தூரார் பிறந்த ஊர்க்காரன் என்று மேடையில் பேசிக்கொண்டே இப்படியும் நடந்துகொண்டேன்.

அந்த மாணவருக்கு இப்போது நாற்பது வயதைத் தாண்டியிருக்கும். இந்தப் பக்கத்தில் இருக்கிறாரா, தெரியாது. அந்த வகுப்பில் படித்த பலர் இங்கே இருக்கிறீர்கள். எல்லோர் எதிரிலும் தண்டித்தேன், எல்லோர் எதிரிலும் சொல்கிறேன். அன்று அவர் எடுக்கவில்லை. எனக்கு மறுநாளே தெரியும். முப்பது வருடம் சொல்லாமல் இருந்தது முதல் தப்பைவிடப் பெரிய தப்பு. அவரைத் தெரிந்தவர்கள் இதை அவரிடம் சேர்த்துவிடுங்கள். அவர் என்னிடம் பேச வேண்டும் என்பதில்லை. தகவல் சேர்ந்தால் போதும். அவரைப் போல இன்னும் யாராவது இருந்தால், அவர்களும் கூச்சப்படாமல் எனக்கு எழுதுங்கள். நினைவில்லை என்று தட்டிக்கழிக்க மாட்டேன்.

புரட்டாசி முடியப் போகிறது. ஐப்பசி, கார்த்திகை நம் பக்கம் சும்மா விடாது. கார் வைத்திருப்பவர்கள் ஒரு பத்து நிமிடம் ஒதுக்கி, நான்கு கதவின் அடி ஓட்டைகளையும் ஒரு தென்னங்குச்சியால் குத்திப் பாருங்கள். மண் அடைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். உள்ளே ஈரம் இருந்தால் யாரையும் திட்டுவதற்கு முன்னால் ஒரு சாக்பீஸ் எடுங்கள். இல்லையென்றால் ஓமந்தூர் பக்கம் வரும்போது வீட்டுக்கு வாருங்கள், என்னிடம் அரை டப்பா இருக்கிறது.

என்றும் அன்புடன்,
உங்கள் பழைய அறிவியல் ஆசிரியர்